வணிக நகரில் தங்குமிடம்



உங்கள் பாடப் புத்தகம் எதிலும் இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அலுவல் கருதிப் பெருநகரின் வாணிகப் பகுதிக்குச் செல்லும் ஒருவர், அங்குத் தங்குவதற்கு உரிய விடுதியை எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதே அப்பொருள். "இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? கைப்பேசியைத் தொட்டால் அறை கிடைத்துவிடுமே!" என்று உங்களுள் சிலர் நகைப்பீர்கள். நகைப்பது தவறன்று. நானும் என் முப்பதாம் வயதில் அப்படித்தான் இருந்தேன். அப்போது கைப்பேசி இல்லை. ஆனால், எனக்கு எல்லாம் தெரியும் என்னும் எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தவன் நான் அல்லேன். என் மாணவன் ஒருவன்.

அக்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1991ஆம் ஆண்டு. திண்டுக்கல்லை அடுத்த ஓர் ஊரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். என்னிடம் பயின்று, பின்னர்க் கல்லூரியில் வணிகவியல் தேறிய ஓர் இளைஞனுக்குச் சென்னை இராஜாஜி சாலையில் இருந்த ஒரு கப்பல் வாணிக நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அவன் தந்தை கைத்தறி நெய்பவர். சென்னையைப் பார்த்தவர் அல்லர். "ஐயா, நீங்கள் உடன் போனால் எனக்குத் தைரியமாக இருக்கும்" என்றார். போனேன். பகலில் எழும்பூரில் இறங்கினோம். மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. பாரிமுனை அருகே விசாரித்தபோது அறை வாடகை சற்று மிகுதி என்று எனக்குத் தோன்றியது. தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு லாட்ஜில் முப்பது ரூபாய் குறைவு. "மின்ரயிலில் ஒரு மணி நேரம், ஏறினால் கடற்கரை நிலையத்தில் இறங்கிவிடலாம்" என்று அவனுக்குக் கணக்குச் சொல்லி அங்கே அழைத்துச் சென்றேன்.

ஐப்பசி மாதம். இரவெல்லாம் அடைமழை. விடிந்து பார்த்தால் தண்டவாளத்தில் நீர் நின்று ரயில்கள் தடைப்பட்டிருந்தன. பேருந்து ஒன்றில் தொற்றிக்கொண்டு, இடையில் இறங்கி, வேறொன்றில் ஏறி, அந்த அலுவலக வாயிலை அடைந்தபோது மணி பதினொன்றரை. அவனுடைய வெள்ளைச் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது. வாயிற்காவலர் உள்ளே சென்று கேட்டு வந்து, "முடிந்துவிட்டதாம்" என்று சொன்னார். அவ்வளவுதான். அவன் என்னைப் பார்த்து, "பரவாயில்லை ஐயா" என்றான். திரும்பி வரும் வழியில் அவன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஊருக்கு வந்து மிச்சமான முப்பது ரூபாயை அவன் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவன் பின்னர் வேறு வேலை தேடிக்கொண்டான், நன்றாகவே இருக்கிறான். அவனுடைய மகளும் எங்கள் பள்ளியிலேயே பயின்றாள். இப்போது அவள் சின்னாளபட்டிச் சுங்குடிப் புடைவைகளைத் தொகுத்து மொத்த வாணிகர்களுக்கு விற்கிறாள். சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்து, "தாத்தா, முதன்முறையாகக் கோடவுன் தெருவுக்குச் சரக்கு மாதிரி கொண்டு போகிறேன், எங்கே தங்கலாம்?" என்று கேட்டாள். தந்தைக்குத் தவறாகச் சொன்னவன் மகளுக்காவது சரியாகச் சொல்ல வேண்டுமே என்று நான் செய்த ஆராய்ச்சியே இந்தப் பேச்சு.

தொடக்கத்தில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். நம் நாட்டில் 'ஓட்டல்' என்றால் சோறும் இட்டிலியும் கிடைக்கும் இடம். தங்குமிடத்தை 'லாட்ஜ்' என்போம். வட இந்தியாவிலிருந்து முதன்முறை வந்த நண்பர் ஒருவர், பெரிய எழுத்தில் ஓட்டல் என்று பலகை மாட்டிய கடைக்குள் பெட்டியுடன் நுழைந்து அறை கேட்டதையும், பரிமாறுபவர் அவரைக் குளிர்சாதன அறையில் அமர்த்தி இலை போட்டதையும் நான் நேரில் கண்டிருக்கிறேன். பழைய பலகைகளில் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று இருக்கும். உண்ணவும் உறங்கவும் இடம் உண்டு என்பது அதன் பொருள். திருவல்லிக்கேணியில் மாத வாடகைக்கு இளைஞர்கள் தங்கும் இடங்களுக்கு 'மேன்ஷன்' என்று பெயர். மாளிகை என்று எண்ணிப் போய்விடாதீர்கள்.

அலுவல் பயணிக்கு உரிய விடுதி, சுற்றுலாப் பயணிக்கு உரிய விடுதியினின்றும் வேறுபட்டது. சுற்றுலா வந்தவருக்கு விடுதியே ஓர் இன்பம். அலுவல் கருதி வந்தவருக்கோ அது ஒரு கருவி. குறித்த நேரத்தில், குளித்து உண்டு, நல்ல தூக்கம் தூங்கிய முகத்தோடு, குறித்த வாயிலில் நிற்பதற்கு அக்கருவி உதவ வேண்டும். ஆகவே முதற்கேள்வி வாடகையைப் பற்றியது அன்று, "எனக்கு அலுவல் எந்தத் தெருவில்?" என்பதே முதற்கேள்வி.

சென்னையின் பழைய வாணிகப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே நிலம் பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பினர். கோட்டைக்கு வெளியே நெசவாளரும் சாயம் ஏற்றுவோரும் துபாஷிகளும் வாணிகரும் குடியேறிய பகுதியை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்றனர். 1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. 1788இல் சென்னையில் வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்பவரின் பெயரே இன்றும் பாரிமுனை என்று நம் நாவில் வழங்குகிறது. சுபாஷ் சந்திர போஸ் சாலை, பழைய சைனா பஜார். அதன் வடக்கே பிரியும் தெருக்களுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பண்டத்துக்கு உரியது. கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும். தேவராச முதலி தெருவில் கண்ணாடி வகைகள். காசிச் செட்டித் தெருவில் அலங்காரப் பொருள்கள். சௌகார்பேட்டைப் பக்கம் போனால் பொன்னும் வெள்ளியும். உயர்நீதிமன்றம் எதிரே இருப்பதால் வழக்கு நிமித்தம் வருவோரும் இங்கேயே தங்குவர். ஆக, வாணிகப் பகுதி என்று பொதுவாகச் சொன்னாலும், துணி வாணிகருக்கு ஏற்ற விடுதி காகித வாணிகருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இத்தெருக்களில் பட்டப்பகலில் கால் கிலோ மீட்டர் செல்வது ஊர்ப்புறத்தில் மூன்று கிலோ மீட்டர் செல்வதற்குச் சமம். தலைச்சுமையும் தள்ளுவண்டியும் வழியை அடைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கேள்வி, "எங்கே வந்து இறங்குகிறேன்?" என்பது. பம்பாயில் தாஜ்மகால் ஓட்டல் 1903இல் திறக்கப்பட்டபோது கப்பல்துறையின் ஓரத்திலேயே அமைந்தது. ஏனெனில் அன்று செல்வர் கடல் வழியே வந்தனர். வாகனம் மாறினால் விடுதியின் இடமும் மாறும். சென்னையில் 2002 வரை வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையை ஒட்டிய பிராட்வேக்கே வந்தன. அதனால் அங்கே லாட்ஜுகள் பெருகின. அவ்வாண்டு பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்கு மாறியது. அங்கே புதிய விடுதிகள் முளைத்தன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகளில் வருவோர் இப்போது அங்கே இறங்குகின்றனர். கிளாம்பாக்கத்துக்கும் பாரிமுனைக்கும் இடையே முப்பது கிலோ மீட்டருக்கு மேல் இருக்கும். பழைய நினைவில் "பேருந்தை விட்டு இறங்கினால் கோடவுன் தெரு" என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இதற்கு மாறாக, நன்மையான மாற்றமும் உண்டு. 2019 பிப்ரவரியில் மெட்ரோவின் நீல வழித்தடம் வண்ணாரப்பேட்டை வரை முழுமையானபின், விமான நிலையத்தில் ஏறுவோர் வண்டி மாறாமலே உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். அடுத்த நிலையம் மண்ணடி. எழும்பூரில் இறங்குவோருக்கு மின்ரயிலில் பூங்கா, கோட்டை, கடற்கரை என மூன்றாவது நிறுத்தம். மெட்ரோ என்றால் சென்ட்ரலில் மாற வேண்டும். எனவே இப்போது விடுதி தேடுவோர், "பேருந்து நிலையம் அருகில்" என்பதைவிட "மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில்" என்று தேடுவதே நலம். மழையிலும் மெட்ரோவின் சுரங்கப் பாதை பெரும்பாலும் ஓடும். இதைச் சொல்லும்போது எனக்கு 1991 நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இனி வாடகைக் கணக்கு. ஆசிரியன் ஆகையால் ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டாமல் விடமாட்டேன். தாம்பரத்தில் அறை 1500 ரூபாய், பாரிமுனையில் 2200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 700 என்று தோன்றும். அப்பெண் இருபது கிலோ துணிக்கட்டுடன் செல்பவள். நெரிசல் நேரத்து மின்ரயிலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற இயலாது. வாடகைக் காரில் போக 700, வர 700 என்றால் மொத்தம் 2900. அறுநூறு... இல்லை, எழுநூறு ரூபாய் கூடுதலாகச் செலவழித்து, சாலையில் மூன்று மணி நேரத்தையும் தொலைக்கிறோம். வெறுங்கையோடு செல்பவருக்கு இக்கணக்கு வேறாகும் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ஐம்பது ரூபாய்க்குள் போய் வந்துவிடலாம். அவருக்குத் தாம்பரமே ஆதாயம். கணக்கு ஒன்றே, சுமைதான் வேறு.

இதனினும் நுட்பமானது ஒன்று உண்டு. விடுதியின் ஒரு நாள் எப்போது தொடங்குகிறது? இதைக் கேட்டால் பட்டதாரிகளும் விழிக்கின்றனர். நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் '24 மணி நேர' முறை உண்டு. காலை ஆறு மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை ஆறு மணி வரை ஒரு நாள். பெரிய ஓட்டல்களிலும் இணையத்தில் பதியும் பலவற்றிலும் நண்பகலில் நாள் தொடங்கி, மறுநாள் நண்பகலில், அல்லது அதற்குச் சற்று முன்பே முடியும். தெற்கேயிருந்து வரும் இரவு ரயில்கள் விடியற்காலையில் எழும்பூரை அடைகின்றன. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து, புதன்கிழமை இரவு எட்டு மணிக்குத் திரும்பும் ஒருவரை எண்ணுங்கள். 24 மணி நேர முறையில், புதன் காலை அறையை ஒப்படைத்துப் பெட்டியை வரவேற்பாளரிடம் விட்டுச் சென்றால் ஒரு நாள் வாடகை. இரவு வரை அறையை வைத்துக்கொண்டால் இரண்டு நாள் வாடகை. நண்பகல் முறையில், விடுதியார் சலுகை காட்டாவிட்டால், செவ்வாய் காலை ஆறு மணி திங்கட்கிழமைக் கணக்கில் சேரும். செவ்வாய் நண்பகலில் இரண்டாம் நாள். புதன் நண்பகலில் மூன்றாம் நாள்! ஒரே இரவு உறங்கியவர் மூன்று நாள் வாடகை தர நேரும். ஆகவே குறைந்த வாடகை விளம்பரப்படுத்தும் இடம் கூடுதல் செலவாகவும், கூடுதல் வாடகை கேட்கும் இடம் மலிவாகவும் முடியலாம்.

காலையில் குளித்து உடைமாற்ற மட்டுமே இடம் வேண்டுமெனில் ரயில் நிலையத்து ஓய்வறைகளை மறவாதீர்கள். உறுதியான பயணச்சீட்டு உடையவர், அதன் எண்ணைக் கொண்டு இணையத்திலேயே சில மணி நேரங்களுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். நான் பலமுறை இவ்வாறு ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தியிருக்கிறேன். முப்பது ரூபாய் மிச்சத்தைப் போன்றதன்று இந்த மிச்சம்.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சொல். மூன்று நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று கேள்விப்படுகிறோம். நம் நாட்டில் அத்தகுதியை ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகத்தைச் சார்ந்த ஒரு குழு வந்து பார்த்து வழங்குகிறது; ஐந்தாண்டுகளுக்கு அது செல்லும். ஆனால் விண்ணப்பிப்பது விடுதியாரின் விருப்பம். ஆகவே நட்சத்திரம் இல்லாத விடுதி இழிந்தது என்று எண்ணற்க. இணையத்தில் பயணிகள் இடும் ஐந்து புள்ளி வேறு, அரசுக் குழு தரும் நட்சத்திரம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாறுவோர் பலர். பயணிகளின் கருத்துகளைப் படிப்பது நல்லதே. ஆயினும் மிகப் புகழ்ந்ததையும் மிகப் பழித்ததையும் தள்ளிவிட்டு, அண்மை மாதங்களில் எழுதிய இடைநிலைக் கருத்துகளைப் படியுங்கள். 'தண்ணீர் இரவில் நின்றுவிட்டது', 'மின்தூக்கி வேலை செய்யவில்லை' என்பன போன்ற சிறு செய்திகள் அங்கேதான் கிடைக்கும்.

வரியையும் வணிகவியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. நிறுவனத்தின் சார்பில் தங்குவோர், தம் நிறுவனத்தின் பதிவு எண்ணைப் பட்டியலில் குறிக்கச் செய்ய வேண்டும். இல்லையேல் அவ்வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள இயலாது. இதிலும் ஒரு முடிச்சு உண்டு. விடுதி எம்மாநிலத்தில் இருக்கிறதோ அம்மாநிலத்திலேயே சேவை நிகழ்ந்ததாகச் சட்டம் கொள்கிறது. ஆகவே தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்ற ஒரு வாணிகர் மும்பையில் தங்கிச் செலுத்தும் வரியை இங்கே கழித்துக்கொள்ள முடியாது. சென்னையில் தங்கிச் செலுத்தியதைக் கழித்துக்கொள்ளலாம். வெளிமாநிலப் பயணத்துக்கு மதிப்பீடு போடும்போது வரியையும் செலவாகவே சேர்த்துக்கொள்க.

அறையை நேரில் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம் என்பது என் பழைய வழக்கம். இப்போது முன்பதிவு இன்றியமையாததாகிவிட்டமையால், தொலைபேசியில் வரவேற்பாளரை அழைத்துச் சில கேள்விகளாவது கேட்க வேண்டும். அறைக்கு வெளிப்பக்கச் சாளரம் உண்டா? ஜார்ஜ் டவுனில் மனைகள் குறுகி நீண்டவை. பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டியவை. ஆகையால் நடு அறைகளின் சாளரத்தைத் திறந்தால் எதிர்ச்சுவரோ புகைபோக்கியோதான் தெரியும். சாலைப் பக்கத்து அறையில் வெளிச்சம் உண்டு. ஆனால் பகலில் நுழைய முடியாத சரக்கு லாரிகள் இரவில் வந்து இறக்கும். இரும்புப் பொருள் இறக்கும் தெருவில் ஓர் இரவு தங்கிய அனுபவம் எனக்குண்டு. மறுநாள் ஒரு கூட்டத்தில் தலைமையாசிரியர்களுக்கு நடுவே அமர்ந்து நான் உறங்கியதைப் பலர் பார்த்தனர். என் உரை முறை வந்தபோது பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டி எழுப்பினார். கடலோரப் பகுதியாகையால் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருத்தலும் உண்டு. குளிக்கும் நீரைப் பற்றியும் கேட்டுக்கொள்ளலாம். எழுதுவதற்கு மேசை, தடையற்ற இணைய இணைப்பு, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர், வாடிக்கையாளரைச் சந்தித்துப் பேசக் கீழ்த்தளத்தில் ஒரு கூடம் ஆகியவற்றையும் அலுவல் பயணி விசாரிப்பார். படுக்கையறையில் வைத்து வாணிகம் பேசுவது அழகன்று.

இவ்வளவையும் அப்பெண்ணிடம் சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாத்தா, நீங்கள் கேட்காமல் விட்டவை இரண்டு இருக்கின்றன" என்றாள். "கடைகளை எல்லாம் ஒன்பது மணிக்கு மூடிவிட்டால் அந்தத் தெருவில் விளக்கு இருக்குமா, ஆள் நடமாட்டம் இருக்குமா? அறைக் கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாள் உறுதியாக இருக்குமா?" நாற்பது ஆண்டுகளாகச் சென்னைக்குப் போய் வரும் எனக்கு அந்தக் கேள்விகள் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. வாணிகத் தெருக்கள் பகலில் தேர்த்திருவிழா. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆளரவமற்ற இடங்கள். பகலில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அத்தெருவை அறிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. அவள் முன்பே அங்குத் தங்கிவந்த இரண்டு பெண் வாணிகரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தாள். நான் தேர்ந்து வைத்திருந்த விடுதியைத் தள்ளிவிட்டு, மெட்ரோ நிலையத்தின் வாயிலிலிருந்து கூப்பிடு தொலைவில், பெருஞ்சாலையை நோக்கிய வேறொன்றைத் தேர்ந்தாள். எனக்கு முதலில் சற்று மனத்தாங்கல்தான். பின்னர் அவள் செய்ததே சரி என்று உணர்ந்தேன்.

இங்கே எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. கோவலன் மதுரைக்கு வாணிகம் கருதிச் சென்றவன். புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு, முதலில் தான் மட்டும் நகருள் சென்று கடைவீதிகளைச் சுற்றிப் பார்த்து வருகிறான். கதிரவன் மறையுமுன் நகருக்குள் தங்குமிடம் அடையுமாறு பெரியோர் அவனுக்குக் கூறுகின்றனர். கவுந்தியடிகள் தங்குமிடம் தேர்ந்த முறையோ மாளிகையைப் பார்த்தன்று. மாதரி என்னும் ஆயர் முதுமகளின் பண்பைப் பார்த்து அவளிடம் கண்ணகியை அடைக்கலம் தருகிறார். தங்குமிடம் குறையற்றதாகவே அமைந்தது. ஆயினும் எனக்கு ஒரு நினைவு எழுவதுண்டு. கோவலன் தன் இனத்து வாணிகர் மனையொன்றில் தங்கியிருப்பின், சிலம்பை யாரிடம் விற்கலாம், யாரிடம் விற்கலாகாது என்று இரவு உணவின்போதே யாரேனும் சொல்லியிருப்பர் அல்லவா? புலவர்கள் இதை மறுக்கலாம். ஊழ்வினை என்று விடை கூறலாம். என்றாலும் வாணிகர்கள் தங்குமிடத்தில் செய்தியும் கிடைக்கும் என்பது உண்மை. காசியில் நகரத்தார் சத்திரம் போன்றவை பயணிகளுக்கு அன்னத்தோடு ஊர் நடப்பையும் அளித்தன. இன்றும் துணி வாணிகர்கள் வழக்கமாகத் தங்கும் விடுதியில் காலை உணவு மேசையில் அமர்ந்தால், எந்தக் கடைக்காரர் பணம் ஒழுங்காகத் தருவார், எவர் மூன்று மாதம் இழுப்பார் என்பது காதில் விழும். அப்பெண்ணுக்கு அவ்வாறு ஒரு பெயர் காதில் விழுந்தது. அக்கடைக்கு அவள் சரக்குக் கொடுக்கவில்லை.

அடையாளச் சான்று கேட்பது விடுதியின் வழக்கம். ஆதாரைக் காட்டுவதானால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்புப் படியைப் பதிவிறக்கிக் கொடுக்கலாம். கொடுத்த படியின் குறுக்கே நாளையும் காரணத்தையும் எழுதிவிடுவது என் வழக்கம்.

இறுதியாக, நான் மிகவும் அஞ்சும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் தில்லியின் கரோல் பாக் வாணிகப் பகுதியில் ஒரு விடுதி தீப்பற்றிப் பதினேழு பேர் மாண்டனர். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே மின்சார இருசக்கர வண்டிகள் வைத்திருந்த இடத்தில் எழுந்த தீயின் புகை மேலேயிருந்த விடுதியை நிரப்பி எட்டுப் பேர் உயிரிழந்தனர். 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தாவின் பழைய வாணிகப் பகுதியான புர்ரா பஜாரில் ஒரு விடுதியில் பதினான்கு பேர் இறந்தனர். கரூரிலிருந்து சென்றிருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இவற்றில் பலரைக் கொன்றது சுடர் அன்று, புகை. வாணிகப் பகுதியின் இயல்பே இந்த ஆபத்துக்கு இடம் தருகிறது: நெருக்கமான கட்டடங்கள், கீழ்த்தளத்தில் கிடங்கு, குறுகிய ஒற்றைப் படிக்கட்டு, அழகுக்காகவும் குளிர்சாதனத்துக்காகவும் அடைத்த சாளரங்கள், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து.

ஆகையால் விடுதியின் கீழே என்ன கடை இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் படிக்கட்டு உண்டா, அது பூட்டியிருக்கிறதா, பழைய கட்டில்களை அடுக்கி அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சாளரம் திறக்கிறதா, கம்பி வேலி நிலையாக அடிக்கப்பட்டதா என்று பாருங்கள். புகை சூழ்ந்தால் மின்தூக்கியில் ஏறக்கூடாது. புகை மேலே நிற்குமாகையால் தரையை ஒட்டித் தவழ்ந்து செல்ல வேண்டும். வெளியே செல்ல வழியில்லையேல் கதவின் கீழ் இடுக்கில் நனைந்த துணியைச் செருகி, சாளரத்தருகே நின்று 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். இரண்டாம் படிக்கட்டு இல்லாத இடத்தில் மூன்றாம் மாடி அறை தருவதாகச் சொன்னால், எவ்வளவு மலிவாயினும் நான் ஏற்பதில்லை. முதல் மாடி கேட்பேன், இல்லையென்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

இப்போதும் எந்த விடுதியிலாவது அறை எடுத்தால், பையை உள்ளே வைத்தவுடன் ஒருமுறை வெளியே வந்து, மின்தூக்கியை விட்டுப் படிக்கட்டு வழியாகத் தெரு வரை இறங்கிப் பார்க்கிறேன். இருட்டில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்க நேர்ந்தால் உதவட்டும் என்று படிகளை எண்ணிக்கொள்கிறேன். அப்பெண்ணுக்கும் இதைச் சொல்லியிருந்தேன். சென்னையில் அறை எடுத்த அன்று மாலை அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "38 படி தாத்தா. இரண்டாவது படிக்கட்டில் 41. கதவு திறந்திருக்கிறது." அதைத் தன் தந்தைக்கும் அனுப்பியிருந்தாள் போலும், சற்று நேரத்தில் அவன் என்னை அழைத்து, சென்னையில் அன்று மழை உண்டா என்று வானொலியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.